எதிர்வீட்டில் நின்ற கேமரா

அந்தக் கட்டடத்தை வரைந்த இன்ஜினியர் யாரோ, மகராசன், நடைபாதைக்கு நாலடி போதும் என்று முடிவு பண்ணிவிட்டார். சோபா வாங்கினவர்கள் எல்லாம் அதைத் தலைகீழாகக் கவிழ்த்து, அவரைத் திட்டிக்கொண்டேதான் உள்ளே கொண்டுபோனார்கள். எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஒரே நேரத்தில் செருப்பு மாட்டக் குனிந்தால் மண்டை முட்டும்.

கட்டடத்துக்கு இருபது வயசு ஆனதும் சங்கத்துச் செக்ரெட்டரிக்கு ஒரு யோசனை வந்தது. ஒவ்வொருத்தரையும் அவரவர் வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்து, கீழே லிஃப்ட் பக்கத்துச் சுவரில் வரிசையாக மாட்டிவிடலாம். இரண்டாவது மாடியில் வாடகைக்கு இருந்த கேமராப் பொண்ணு ஒத்துக்கொண்டாள். கைக்குழந்தைகளைப் படம் எடுப்பது அவள் தொழில். அழுகிற ஆளைச் சமாளிக்கத் தெரியும். ஒரே ஒரு சிக்கல்தான். ஆளும் கதவும் முழுசாகப் படத்தில் விழ நாலடி பத்தாது. எதிர்வீட்டுக் கதவைத் திறக்கச் சொல்லி, அவர்கள் ஹாலுக்குள் கேமராவை நிறுத்தினால்தான் ஆச்சு.

மற்ற மாடிகளில் இது ஒரே கும்மாளமாக நடந்தது. அஞ்சாவது மாடிக்கு வந்தபோதுதான் எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

அங்கே ஒரு பக்கம் டெய்லரக்கா, எதிரே கணக்கு டீச்சர். மூணு வருஷமாக ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

"எடுத்தா எடுக்கட்டும், எடுக்காட்டி போகட்டும். என் மூஞ்சி இல்லாம சுவர் இடிஞ்சா விழப்போகுது?" என்றாள் டெய்லரக்கா. எல்லாம் வாய்ப்பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பத்து மணி என்று நோட்டீஸ் போர்டில் பார்த்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. படத்துக்காக ஒன்றும் இல்லை. அந்தக் கதவு திறக்கும். அவளுக்கு எதிரே, அவளுக்காக, ஒரு அஞ்சு நிமிஷமாவது திறந்து கிடக்கும். அதுக்குத்தான் அந்தத் தவிப்பு.

ஒரு காலத்தில் அந்த ரெண்டு கதவும் பகலில் மூடினதே கிடையாது. இவள் ஹாலில் ஜன்னலோரம் மெஷின் ஓடும். டீச்சர் பேப்பரைப் படித்து, குறுக்கெழுத்தை நிரப்பி முடித்தால் மத்தியானம் அது இந்த வீட்டுக்கு வந்துவிடும். டெய்லரக்கா அதில்தான் சட்டைக்கு அளவு வெட்டுவாள். எழுத்து நிரம்பின கட்டங்களைப் பார்த்து, "எனக்குச் சட்டை தைக்கிறீங்களா, பரீட்சை வைக்கிறீங்களா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை.

எல்லாம் ஒரு வாயால் போச்சு. மறுநாள் கொடுக்க வேண்டிய அறுபது யூனிஃபாரம் குவிந்து கிடக்க, நூல் அறுந்து அறுந்து உயிரை எடுத்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், டீச்சர் வாசலில் வந்து நின்று, "மெஷினைக் கொஞ்ச நேரம் நிறுத்தேன்" என்றார். இவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சத்தம் ஆகாதுன்னா காட்டுல போய் வீடு கட்டிக்கணும் டீச்சர்" என்றாள். டீச்சர் திரும்பிப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று காலையில்தான் சாரை, டீச்சர் வீட்டுக்காரரை, தலையில் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். அது இவளுக்குத் தெரியாது. வாட்ச்மேன் சொல்லித் தெரிந்தபோது மூணு நாள் ஆகிவிட்டது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. இன்றைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று இவள் தள்ளிக்கொண்டிருக்கும்போதே பத்தாம் நாள் சார் போய்விட்டார். நாலடி நடைபாதையில் கூட்டம் நெரிந்தது. இவள் தன் கதவுக்குப் பின்னால், கதவில் பதித்த லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டு, தாழ்ப்பாளில் கையோடு நின்றாள். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு போவது? கால் வரவே இல்லை. சொன்ன சொல்லைவிடப் போகாமல் இருந்ததுதான் பெரிய பாவம் என்று அவளுக்கே தெரியும். அதற்கப்புறம் டீச்சரை அவள் பார்த்ததெல்லாம் அந்த லென்ஸ் வழியாகத்தான்.

ஞாயிறு காலை நாலாவது தடவையாகத் தலை சீவும்போது, பஸ் ஓட்டுகிற வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "உன்னைப் பாக்கப்போறது கேமராம்மா. டீச்சர் இல்ல."

"வாயை மூடிட்டு டீயைக் குடிங்க."

பத்து மணிக்கு இவள் தன் வாசலில் வந்து நிற்க, கேமராப் பொண்ணு எதிர்வீட்டு மணியை அடித்தாள். டீச்சர் கதவைத் திறந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டிருந்தது. லென்ஸில் அது இவ்வளவு தெரியவில்லை. "வாம்மா, உள்ள வெச்சுக்கோ" என்றார், பெண்ணிடம் மட்டும். கேமரா முக்காலி உள்ளே போனது. அதற்குப் பின்னால் ஹால் தெரிந்தது. சோபா இல்லை. திரைச்சீலை இல்லை. அட்டைப் பெட்டிகள், டேப் ஒட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக.

"என்ன டீச்சர், காலி பண்றீங்களா?" என்றாள் கேமராப் பொண்ணு.

"வித்தாச்சும்மா. வெள்ளிக்கிழமை மகன் வந்து கூட்டிட்டுப் போறான்."

இத்தனை நாளும் கோபத்தோடாவது எதிரே ஒரு ஆள் இருந்தார். இனி அதுவும் கிடையாதா?

"இந்த லைட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கிறீங்களா டீச்சர்?" டீச்சர் கேமராவுக்குப் பின்னால் நின்று பிடித்துக்கொண்டார்.

"அக்கா, லென்ஸைப் பாருங்க. லென்ஸை... அக்கா!"

பார்க்க முடிந்தால்தானே. க்ளிக் என்றது.

அடுத்து டீச்சர் முறை. கேமரா டெய்லரக்கா ஹாலுக்கு வந்தது. டீச்சர் தன் வாசலில் நின்று இந்தப் பக்கம் பார்த்தார். ஜன்னலோரம் வெறுமையாக இருந்தது.

"மெஷின் எங்க?"

மூணு வருஷத்தில் முதல் பேச்சு. கேட்டது தன்னைத்தான் என்று புரியவே இவளுக்கு ஒரு கணம் ஆனது.

"பின்னாடி ரூம்ல இருக்கு டீச்சர்."

"அங்க ஜன்னல் கிடையாதே. எப்படித் தைக்கிறீங்க?"

நீங்க! முன்னே எல்லாம் நீதான். "லைட்டு போட்டுக்குவேன்."

"எப்போலேர்ந்து?"

"அன்னைலேர்ந்துதான்."

"கீழ ரெண்டு மெத்தை, கதவு இடுக்குல துணி," என்று உள்ளேயிருந்து டிரைவர் குரல் கொடுத்தார். "மெஷினுக்கு நடக்கிற ராஜ உபசாரம் எனக்குக்கூட நடந்ததில்ல டீச்சர்."

டீச்சர் சிரிக்கவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி. நான் என்ன நெனச்சேன் தெரியுமா? என் மேல இருக்கிற கோபத்துல சத்தத்தைக்கூட எடுத்துட்டுப் போயிட்டாளேன்னு நெனச்சேன். அவர் போனப்புறம் இந்த வீட்ல ஒரு சத்தம் கிடையாது. மத்தியானம் ஆனா கதவுகிட்ட நாற்காலியைப் போட்டு உக்காந்துக்குவேன். உன் மெஷின் ஓடினா, எதிர்ல மனுஷங்க இருக்காங்கன்னாவது இருக்கும்னு."

"டீச்சர், நான் அன்னைக்கு வரல." என்றாள் இவள். "சார் போன அன்னைக்கு. கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். வரல."

"தெரியும். கதவுக்கு அடியில உன் கால் நிழல் தெரிஞ்சுது. கூட்டம் கலையற வரைக்கும் அங்கேயே நின்னுச்சு. இப்ப வருவா, இப்ப வருவான்னு நானும் பாத்துட்டேதான் இருந்தேன்."

கேமராப் பொண்ணு முக்காலியில் நல்லா இருக்கிற திருகாணியை எல்லாம் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். அப்புறம் மெல்ல ஒரு படம் எடுத்தாள்.

அன்று மத்தியானமே டிரைவரும் வாட்ச்மேனும் மெஷினைத் தூக்கி ஹாலில் போட்டார்கள். வியாழன்வரை ரெண்டு கதவும் திறந்தே கிடந்தன. ரொம்ப ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. டீச்சர் அங்கே பாத்திரங்களைப் பேப்பரில் சுற்றினார், இவள் இங்கே தைத்தாள். தைக்க ஒன்றும் இல்லாதபோது கந்தல் துணியைப் போட்டு ஓட்டினாள். வெள்ளிக்கிழமை பெட்டிகள் எல்லாம் பக்கவாட்டில் இடித்துக்கொண்டு இறங்கின. கடைசியாக வந்த டீச்சர், அன்றைய பேப்பரை இவள் கையில் கொடுத்தார். குறுக்கெழுத்து நிரப்பாமல் இருந்தது. நேரமில்லை போல.

அடுத்த மாசம் படங்களை மாட்டினார்கள். செக்ரெட்டரி சுவருக்கு முன்னால் நின்று உச்சுக்கொட்டினார்.

"எல்லாரும் நேராப் பாக்கறாங்க. நீங்க மட்டும் கேமராவைத் தாண்டி எங்கேயோ பாத்துட்டு நிக்கறீங்களேம்மா. எதிர்ல புதுசா வந்தவங்க நல்ல மாதிரி, கேட்டா கதவைத் திறப்பாங்க. அஞ்சு நிமிஷ வேலை, மாத்தி எடுத்துடலாமா?"

டெய்லரக்கா படத்தைப் பார்த்தாள்.

"வேணாங்க," என்றாள். "இனிமே எடுத்தா நேராத்தான் பாப்பேன். அங்க கேமராவைத் தவிர வேற யாரு இருக்கா?"