விருந்தாளி வேடம்

வத்சலா கோட்டை மாட்டி, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, தன் வீட்டு வாசலில் நின்று தன் வீட்டு மணியையே அடித்தாள். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவர் யன்னலைத் திறந்து, சாவி தொலைந்துவிட்டதா என்று விசாரித்தார். போன கிழமையும் கேட்டவர்தான். "யெஸ், யெஸ்" என்று அவள் பல்லைக் காட்டினாள். வேறு என்னத்தைச் சொல்வது?

கதவைத் திறந்தவள் மகள் மயூரி. நான்கு வயது. கை கூப்பி ஒப்புவித்தாள்.

"வணக்கம் அன்ரி. வாங்கோ. என்ரை பேர் மயூரி. பாலேந்திராவின்ரை மகள். எங்கட ஊர் கோண்டாவில்."

பிறந்ததும் வளர்வதும் இலண்டன் பிளேஸ்டோவில். பெற்றோர் விட்டுவந்த கோண்டாவில் எந்தப் பக்கம் என்று பிள்ளைக்குத் தெரியாது. அதற்காக, ஊர் சொல்லாமல் ஓர் அறிமுகமா? ஊரைச் சொன்னால்தானே எங்களவர்கள் முகம் மலர்ந்து, "அப்ப இன்னாரைத் தெரியுமோ?" என்று கதையைத் தொடங்குவார்கள்!

"அம்மா எங்கை பிள்ளை?" வத்சலா குரலை மாற்றிக்கொண்டு கேட்டாள்.

"அம்மா வெளியில போயிட்டா. நீங்கள் இருங்கோ. என்ன குடிக்கிறியள்?"

வத்சலா தன்னுடைய சோபாவின் நுனியிலேயே கூச்சத்துடன் அமர்ந்து, விளையாட்டுக் கோப்பையில் இல்லாத தேநீரைக் குடித்தாள். அன்றைக்கு அவள் சுன்னாகத்து மாமி. அதற்கு முதல்நாள், பழைய பள்ளிக்கூடத் தோழி. நாளைக்கு யாராக வரலாம் என்று இப்போதே யோசனை ஓடியது.

பிள்ளைக்கு மரியாதை பழக்கத்தான் இந்தக் கூத்தெல்லாம் என்று கணவன் பாலேந்திராவிடம் சொல்லியிருந்தாள். அது பாதி உண்மை. இலண்டனுக்கு வந்த இத்தனை வருடத்தில் அந்த மணியை அடித்தவர்கள் தபால்காரனும் மீற்றர் பார்க்க வருகிறவனும்தான். பாலேந்திராவோ பெற்றோல் ஸ்டேசன் ஷிப்ட் முடிந்து வந்தால் சோறு, பிறகு தூக்கம். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். வத்சலாவுக்கு மூன்று நிமிடம் வாய்த்திருந்தாலே போதும். தனிமை அவளைத் தின்றுகொண்டிருந்தது.

அப்படியிருக்கையில்தான் பாலேந்திரா ஒரு செய்தியோடு வந்தான்.

"உம்மடை அம்மா குடுத்துவிட்ட மிளகாய்த்தூளைக் கொழும்பிலயிருந்து வந்த ஆரோ கொண்டுவந்து, என்னோடை வேலை செய்யிற சவிரிமுத்து அண்ணை வீட்டை குடுத்திருக்கினம். இஞ்சை இலண்டனிலைதான், குட்மேய்ஸிலை. அவற்றை மனிசி பெர்னடெற் அக்கா ஞாயிறு பூசை முடிய இஞ்சை கொண்டுவந்து தருவாவாம்."

இதைவிட வேறென்ன வேண்டும்? சனிக்கிழமை முழுதும் வத்சலா விருந்தாளிக்குத் தின்ன ரோல்ஸ் சுற்றினாள், யன்னல் சீலைகளைத் தோய்த்தாள், மயூரிக்கு ஒத்திகைமேல் ஒத்திகை வைத்தாள். வாசலிலேயே பொட்டலத்தை நீட்டிவிட்டுப் போகிற ஆளாக இருந்துவிட்டால்? அந்த மனிசி உள்ளே வரவேண்டும், ஆறஅமர இருக்கவேண்டும், பிறகு இன்னொரு முறையும் வரவேண்டும். அவள் கடவுளிடம் கேட்டது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மணி அடித்தது. மயூரி ஓடிப்போய்த் திறந்தாள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருத்தி பொட்டலத்தோடு நின்றாள்.

"இந்தாங்கோ பிள்ளை, அம்மாட்டைக் குடுங்கோ. அன்ரிக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

மயூரி விடுவாளா? வணக்கத்தில் தொடங்கி கோண்டாவில்வரை ஒரு சொல் பிசகாமல் ஒப்புவித்தாள். பெர்னடெற் அந்த இடத்திலேயே உருகிப்போனாள்.

"என்ரை ராசாத்தி, என்ன வடிவாக் கதைக்கிறாள்!" என்றபடி சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து சோபாவில் அமர்ந்தாள்.

வத்சலாவுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. ரோல்ஸ் தட்டோடு குசினியிலிருந்து வந்து, "வாங்கோ அக்கா, இருங்கோ" என்றாள்.

மயூரி திகைத்துப்போனாள். வந்தவளைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள்.

"அம்மா, நீங்கள் ஏன் இஞ்சை நிக்கிறியள்?" என்றவள் பெர்னடெற்றின் பக்கம் திரும்பி, விஷயத்தை விளக்கினாள். "அன்ரி, எங்கட வீட்டை வாற ஆக்கள் எல்லாரும் எங்கட அம்மாதான். அம்மா கோட்டுப் போட்டுக்கொண்டு வெளியில நிண்டு மணி அடிப்பா. நான் திறப்பன்."

வத்சலாவுக்கு மானம் கப்பலேறிவிட்டது. தட்டை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பிள்ளை பழகட்டும் எண்டுதான்..." என்று இழுத்தாள். அதற்குமேல் பொய் வரவில்லை. "ஒருத்தரும் வாறேல்லை அக்கா. அதுதான் நானே போய் நிண்டு அடிக்கிறனான்."

இனி இவள் குட்மேய்ஸ் முழுக்கச் சொல்லிச் சிரிப்பாள், திரும்பி இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டாள் என்று நினைத்துக்கொண்டாள்.

பெர்னடெற் சிரிக்கவில்லை. கோட்டுப் பொத்தான்களை மெல்லக் கழற்றினாள். மயூரியைத் தன் அருகே இழுத்து, அவளுடைய தலையைத் தடவினாள்.

"உங்களுக்குத் திறந்துவிடவெண்டாலும் ஒராள் இருக்குது, தங்கச்சி" என்றாள். "எங்களுக்குப் பிள்ளையள் இல்லை. அவர் வேலைக்குப் போனாப்பிறகு நான் வெளியில நிண்டு மணி அடிச்சா, உள்ளுக்கை ஆர் இருக்கினம்?"