விசாகத்தன்று எடுத்த படம்

"இந்தப் போட்டோவுல இருக்கிறது நீங்கதானம்மா?"

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் ஸ்ரீகுமார் படத்தைக் கூண்டுக்குள் நீட்டினார். சாட்சிக் கூண்டில் நின்ற முனீஸ்வரி வாங்கிப் பார்த்தாள். மஞ்சள் சேலை, தலையில் பால்குடம், பின்னால் திருப்பரங்குன்றம் கோயில் வாசல். போன வைகாசி விசாகத்தன்று எடுத்தது. எந்தப் புண்ணியவான் எடுத்தானோ, முகம் பளிச்சென்று விழுந்திருந்தது.

"நான்தாங்கய்யா."

"என்ன வேண்டுதல்?"

"கார் அடிச்ச கால் பொழைச்சா, கோச்சடையில இருந்து குன்றத்துக்கு என்னைய நடந்து போயி பால்குடம் எடுக்க வைக்கிறதா எங்க அத்தை, வீட்டுக்காரரோட அம்மா, வேண்டிக்கிட்டாக."

ஸ்ரீகுமார் நீதிபதியைப் பார்த்துச் சிரித்தார். வலையில் விழுந்துவிட்டாள் என்கிற சிரிப்பு. "கோச்சடையில இருந்து குன்றம். அவ்வளவு தூரம், வெறுங்கால், தலையில பாரம். நடந்தீங்களா இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க."

நடந்தேன் என்றால் வழக்கு அதோடு முடிந்தது. இடது காலில் வைத்த கம்பி விலகிவிட்டது, இன்னொரு ஆபரேசன் செய்யாவிட்டால் கால் இப்படியே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று சேலை எடுத்துப்போடும் வேலை ஏற்கெனவே போய்விட்டது. நஷ்டஈடு வந்தால்தான் ஆபரேசன்.

நடக்கவில்லை என்று சொல்லலாம். அதுதான் உண்மையும்கூட. ஆனால் கடைசிப் பெஞ்சில், வழக்கு பழைய ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான் என்று நம்பிக்கொண்டு, மாமியார் சீனியம்மாள் உட்கார்ந்திருந்தாள்.

விசாகத்தன்று சீனியம்மாளுக்கு நல்ல காய்ச்சல், எழுந்திருக்கவே முடியவில்லை. புருசன் செல்வக்குமார்தான் முனீஸ்வரியை ஆட்டோவில் கொண்டுபோய்க் கோயில் பக்கத்தில் இறக்கிவிட்டான். அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டார்கள். சீனியம்மாளோ அன்றிலிருந்து, 'எம் மருமக நடந்தே போயி எடுத்தா, முருகன் காலைக் குடுத்துட்டான்' என்று தெருத்தெருவாகச் சொல்லித் தீர்த்துவிட்டாள். குன்றத்துக்கே நடந்தவள் அப்புறம் வீட்டில் நொண்ட முடியுமா? டாக்டர் கொடுத்த கைத்தடியைப் பரணில் போட்டுவிட்டு, சிரித்த முகமாகவே வளைய வந்தாள். இந்தப் பாழாய்ப்போன நடிப்பு அவளைத் தவிர யாருக்குக் கஷ்டம்?

"காது கேக்கலையாம்மா?" ஸ்ரீகுமார் குரலை உயர்த்தினார்.

அவளுடைய வக்கீல் பாகீரதிக்கும் இந்தக் கதை தெரியாது. என்ன வரப்போகிறதோ என்று நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"நடக்கலங்கய்யா," என்றாள் முனீஸ்வரி. "ஆட்டோவுல போனேன். எறங்கி வாசல் வரைக்கும்தான் குடத்தோட போனேன். அதுக்கே உசிரு போயிருச்சு." கடைசிப் பெஞ்சுப் பக்கம் திரும்ப அவளுக்குத் தைரியம் வரவில்லை.

ஸ்ரீகுமார் விடுகிற ஆளா? "சாமிக்குச் சொன்னதையே செய்யாதவங்க. இங்க சொல்றதை மட்டும் நம்பணுமாக்கும்!" யாரோ சிரித்தார்கள். "தண்ணி எடுக்கிறது, துவைக்கிறது எல்லாம் நீங்கதான்னு உங்க தெருவுலயே சொல்றாங்க. உண்டா இல்லையா?"

"உண்டுங்கய்யா."

"வலி இருக்கிறவங்க செய்யிற வேலையா அது?"

முனீஸ்வரி பதில் சொல்வதற்குள் பின்னால் பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. சீனியம்மாள் எழுந்துவிட்டாள். சாமி காரியத்தில் ஏமாற்றியதற்கு ஊர் முன்னால் தன் மானத்தை வாங்கப்போகிறாள் என்று முனீஸ்வரி கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"ஏண்டி, நான் நம்பணும்னுதானா வலியோட அம்புட்டு வேலையும் பாத்த?"

"அம்மா, உக்காருங்க," என்று அதட்டினார் டவாலி. சீனியம்மாள் அவரைச் சட்டை செய்யவில்லை.

"ரெண்டு குடத்தோட நீ வர்றப்ப, வெரசா வாடி, என்ன அன்னநடைன்னு வஞ்சேனே. அப்பவும் வலிச்சுச்சாடி?" குரல் உடைந்துவிட்டது.

உட்காரச் சொல்ல வாயெடுத்த நீதிபதியும் முனீஸ்வரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வலிச்சுச்சு அத்தே," என்றாள் முனீஸ்வரி. "தெனமும் வலிச்சுச்சு." கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு, மாமியார் பார்க்க முதல்முறையாக வாய்விட்டு அழுதாள்.