கிள்ளானுக்குத் திரும்பாத கார்

மேருவில் நடந்த ஒரு கல்யாண விருந்தில் கமலநாதன் குடித்தார். எந்த விருந்தென்றாலும் குடிக்கிறவர்தான். கிள்ளானில் வீடு, பக்கம்தானே என்று காரை எடுத்தார். சாலையோரம் நின்றிருந்த லோரியின் பின்னால் காரின் இடப்பக்கம் போய்ச் செருகிக்கொண்டது. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவர் மனைவி மலர்விழி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவள் உயிர் பிரிந்துவிட்டது. அவருக்கு மணிக்கட்டு முறிந்ததோடு சரி.

போதையில் வண்டி ஓட்டி மரணம் விளைவித்ததற்குப் பத்தாண்டு சிறை என்று தீர்ப்பானது. அதில் அவருக்குக் குறையொன்றும் இல்லை. இன்னும் கூடப் போட்டிருக்கலாம் என்றுதான் நினைத்தார். மேல்முறையீடு செய்தே தீரவேண்டும் என்று நின்றவள் ஒரே மகள் தாமரை. பிரிக்ஃபீல்ட்ஸில் ராதாகிருஷ்ணன் என்ற வக்கீலைப் பிடித்தாள். வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவர் ஆபீசிலேயே பழியாய்க் கிடந்தாள். சிறைக்கு வந்தால் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வழக்கைப் பற்றி மட்டும் பேசுவாள். சாப்பிட்டீங்களா என்று ஒருநாளும் கேட்டதில்லை. இருந்தாலும் கமலநாதன் மனத்தைத் தேற்றிக்கொண்டார். மன்னிக்காதவள் இப்படி அலைவாளா?

மேல்முறையீட்டில் ராதாகிருஷ்ணன் ஒரே விஷயத்தைப் பிடித்துக்கொண்டார். கமலநாதனிடம் எடுத்த இரத்தம் பரிசோதனைக்குப் போய்ச் சேரும்வரை யார் கையில் இருந்தது என்பதற்குச் சரியான சாட்சி இல்லை. பரிசோதித்தது அவருடைய இரத்தம்தான் என்று எப்படி உறுதியாகச் சொல்வது என்று கேட்டார். நீதிபதி ஏற்றுக்கொண்டார். தண்டனை ரத்தானது. வக்கீல் கைகுலுக்கியபோது கமலநாதனுக்குத் தலை நிமிரவில்லை.

தாமரை அவரைக் காரில் ஏற்றிக்கொண்டாள். ஷா ஆலாம் நீதிமன்றத்திலிருந்து கிள்ளானுக்குத் திரும்பவேண்டிய இடத்தில் கார் திரும்பவில்லை.

"எங்கம்மா போறோம்?"

"ஸ்ரீ கெம்பாங்கான். அத்தை வீட்டுக்கு. உங்க துணியெல்லாம் அங்க கொண்டு போய் வெச்சிட்டேன்."

"நம்ம வீட்டுக்குப் போலாம்மா."

"வேணாம்ப்பா." சாலையைப் பார்த்தபடியே பேசினாள். "அன்னிக்கு விருந்து முடிஞ்சு கெளம்பறப்ப அம்மா, கிராப் டாக்சி கூப்பிடலாங்கன்னு சொன்னாங்க. பயமா இருந்தா கண்ண மூடிக்கன்னு நீங்க சிரிச்சீங்க. நான் அப்புறமா வரேன்னு பக்கத்துலதான் நின்னேன். சாவியப் புடுங்கியிருக்கலாம். புடுங்கல. அந்த வீட்ல தெனமும் உங்க முகத்தப் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது."

கமலநாதன் அவள் பக்கம் திரும்பினார். "அப்புறம் ஏம்மா இவ்ளோ கஷ்டப்பட்டு என்னை வெளிய எடுத்த?"

"அம்மா போயாச்சு. நீங்களும் உள்ளயே செத்துட்டா நான் என்னப்பா பண்ணுவேன்?"

அவள் உதட்டைக் கடித்து அழுகையை அடக்கினாள். மலர்விழியும் அப்படித்தான் அடக்குவாள். மகளின் தோளைத் தொடவேண்டும்போல் இருந்தது. கை எழவில்லை.

அக்கா இராஜம்மாவின் வீட்டுக் கேட்டுக்கு முன்னால் கார் நின்றது. கமலநாதன் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எப்பவாச்சும் வருவியாம்மா?"

"தெரியலப்பா," என்றாள் தாமரை. கதவை அவரே மெல்லச் சாத்தினார். கார் முனையில் திரும்பி மறைந்தது.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே இராஜம்மா வெளியே வந்தாள். தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு தெருவை எட்டிப் பார்த்தாள்.

"எங்கடா தாமரை? அவளுக்கும் சேத்துத்தானே சமைச்சேன்."

"வேலை இருக்குதாம்க்கா," என்றார் கமலநாதன். "இன்னொரு நாள் வருவா."