நுரைக்கூடு

"அப்படியே தூக்காத மச்சான், தண்ணி அலம்புது பாரு!"

அவர் போட்ட சத்தத்தில் கூடத்தில் அழுதுகொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். துணி வெட்டும் மேஜையின் ஒரு முனையைப் பிடித்தபடி மனைவியின் தம்பி விழித்தான். மேஜைமேல் கண்ணாடித் தொட்டி.

"வர்றவங்க உட்கார இடம் வேணாமா அத்தான்? பின்பக்கம் போட்டுடலாம்னுதான்..."

"தொட்டியை ஆட்டினா கூடு கலைஞ்சிடும்டா. கீழ வை."

"என்ன கூடு?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. முப்பத்தொரு வருஷம் லிப்ட் பழுது பார்த்தவர். இரும்புக் கயிறு முனகுகிற முனகலை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். வீட்டுக்குள் பத்து வருஷமாக இருந்த ஃபைட்டர் மீன்களைப் பற்றி மட்டும், அவர் கேட்காமலே மனைவி சொல்லி, பாதி காதில் விழுந்ததுதான் தெரியும். ஆண் மீன் வாயால் குமிழி ஊதி ஊதித் தண்ணீர்மேல் நுரைக்கூடு கட்டுமாம். பெண்ணை வளைத்து அணைக்குமாம். உதிர்கிற முட்டைகளைக் கவ்விக் கொண்டுபோய்க் கூட்டில் ஒட்டுமாம். அதோடு சரி. அப்புறம் பெண்ணைக் கண்டாலே ஆகாது. எடுத்து வேறு ஜாடியில் விடாவிட்டால் கடித்தே கொன்றுவிடும்.

"குஞ்சு பொரியற வரைக்கும் காவல் அப்பன்காரன்தாங்க," என்பாள், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

இப்போது கூடத்தின் நடுவே, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்திக் கிடந்தாள். நேற்று மத்தியானம் தையல் மெஷின்மேலேயே சாய்ந்துவிட்டாள். போன் வந்து அவர் ஓடிவருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

பெண் மீனை யாரும் எடுக்கவில்லை. தொட்டி மூலையில் அது வால் கிழிந்து ஒருக்களித்து நின்றது. நீல ஆண் மீன் கூட்டுக்கும் மூலைக்குமாகப் பாய்ந்து பாய்ந்து அதைக் கடித்தது.

"அந்த வலையை எங்கதான் வெச்சுத் தொலைச்சா?" மேஜை இழுப்பறையைத் துழாவினார். நூல்கண்டு, சாக்குக்கட்டி, கொக்கிகள், யாரோ கொடுத்துவிட்டுப் போன அளவுச் சட்டை. வலை மட்டும் இல்லை.

மகள் வந்து நின்றாள். "வண்டி வந்தாச்சுப்பா. அம்மாவைப் பார்க்காம இங்க மீனைப் பார்த்துட்டு நிக்கிறீங்களே."

"வரேன் போ."

அவள் போகவில்லை. "நேத்து காலையிலயே நெஞ்சு அடைக்குதுன்னாங்களாமே. ஏம்ப்பா அப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலை?"

"அவதான் வர மாட்டேன்னுட்டா."

பொய்யில்லை. முழு உண்மையுமில்லை.

நேற்றுக் காலை கிளம்பு என்று சொன்னது அவர்தான். அவள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். "ஜோடி இப்பத்தான் சேர்ந்திருக்குங்க. நான் தம்பியோட போயிட்டு வந்துடறேன். முட்டை போட்டதும் பெண்ணை மட்டும் எடுத்து ஜாடியில விட்டுடுறீங்களா?"

"மீனுக்கு ஆயா வேலை பார்க்க நான் லீவு போடணுமாக்கும்?"

சிரித்தாள். "சரி விடுங்க. வாயுவாத்தான் இருக்கும். நாளைக்குப் போய்க்கலாம்."

அவரும் ஸ்பேனர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

யாரோ குடித்து வைத்த டீ டம்ளரைக் கழுவிக்கொண்டு வந்து தொட்டிக்குள் அமிழ்த்தினார். பெண் மீன் நழுவியது. மறுபடியும் நழுவியது. "சனியனே, கொஞ்சம் நில்லேன்," என்று பல்லைக் கடித்தார். மூன்றாம் தரம் மீன் டம்ளருக்குள் வந்தது. ஜாடியில் கவிழ்த்தார்.

அதற்குள் கூடு பாதி பிய்ந்துவிட்டிருந்தது. கடுகிலும் சிறிய வெள்ளை முட்டைகள் பொலபொலவென்று அடிக்கு இறங்கின. ஆண் மீன் தலைகீழாகப் பாய்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கியது, மேலே கொண்டுபோய் ஒட்டியது, மறுபடி பாய்ந்தது. வெளியே வண்டி ஹாரன் அடித்தது. மகள் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்துப் போனாள்.

எல்லாம் முடிந்து திரும்பும்போது மணி மூன்று. வாடகை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மச்சான்தான் முதலில் தொட்டியைப் பார்த்தான்.

"அத்தான், முட்டை ஒண்ணைக்கூடக் காணோமே?"

அடியில் இல்லை. கூடு இருந்த இடத்தில் நாலு குமிழி மிதந்தது.

"பயந்துட்டா தானே தின்னுடும்னு அக்கா சொல்லும்," என்றான் மச்சான் மெதுவாக.

"இதுக்காகவாடா அவ..." என்று தொட்டியை முறைத்தார்.

"பார்த்தாலே உங்களுக்குப் பத்திக்கிட்டு வருது. எங்கயாவது கொண்டுபோய்க் கொடுத்துடட்டுமா?"

"கிடக்கட்டும்."

மச்சான் போனபின் தொட்டிக்கு முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். கட்டைவிரல் நீளம்கூட இல்லாத மீன் விருட்டென்று கண்ணாடிவரை வந்தது. செவுள்களைத் தாடிபோல விரித்தது. துடுப்புகளையெல்லாம் உதறிப் பரப்பி, அவரோடு ஒரு கை பார்ப்பதுபோல நேருக்கு நேர் நின்றது.

"அப்பா, ரெண்டு வாய் சாப்பிட வாங்க," உள்ளேயிருந்து மகள் கூப்பிட்டாள்.

மனைவி தைக்கும்போது உட்காரும் ஸ்டூலைக் காலால் இழுத்துப்போட்டு, மீனுக்கு எதிரே உட்கார்ந்தார். மகள் இன்னொரு தரம் கூப்பிட்டாள். மீன் செவுளை மடக்கவில்லை.