சிவராத்திரியன்று ஏற்றியது

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மிளகு ஏற்றுமதி ஆபீஸ். அங்கிருந்த ஒரே லினக்ஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்வது வெங்கிடேஷின் வேலை. அதில் கடிதம் அடிப்பது விஜியின் வேலை. இன்றோடு விஜிக்கு அந்த வேலை இல்லை.

போன வாரம் டிஸ்க் நிரம்பிப்போய், ஜெர்மனிக்காரன் அனுப்பிய ஆர்டர் மெயில் உள்ளே வராமலே திரும்பிவிட்டது. முதலாளி முகமது இஸ்மாயில் தேடிப் பார்த்தார். விஜியின் பெயரில் முந்நூறு சினிமாப் பாட்டுகள் கிடந்தன. அவள் அழுததை அவர் காதில் வாங்கவில்லை.

பாட்டுகளை இறக்கியவன் வெங்கிடேஷ். சிவராத்திரிக்கு அவள் லீவு போட்டு, செத்துப்போன அப்பாவுக்குத் தர்ப்பணம் செய்ய ஆலுவா ஆற்றங்கரை மணப்புறத்துக்குப் போயிருந்தாள். அந்த மத்தியானம் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பாட்டு இறக்கும் புரோகிராம் ஒன்றை ஏற்றி, அவள் பெயரிலேயே ஓடவிட்டான். திரும்பி வந்தவள் கொடுத்த பொரியையும் வெட்கமில்லாமல் தின்றான். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

“வெங்கிடேஷே, மெஷின்ல என்னென்ன கேற்றியிருக்குன்னு நோக்கு. வேண்டாததெல்லாம் களை” என்றிருந்தார் இஸ்மாயில்.

ஏற்றியவற்றைப் பட்டியலிடும் கட்டளையைத் தட்டினான். நானூறு புரோகிராம்களின் பெயர்கள் திரையில் ஓடின. கடைசியாக ஏற்றியது மேலே வரும்படி, தேதியோடு மறுபடி கேட்டான். முதல் வரியில் அவனுடைய புரோகிராம். சிவராத்திரித் தேதி, பிற்பகல் மூன்று நாற்பது. மற்றதெல்லாம் மெஷின் வாங்கிய அன்று ஏறியவை.

நீக்கும் கட்டளையை அடித்தான். புரோகிராமோடு அந்த வரியும் போய்விடும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க ஒரு என்டர் போதும்.

அப்போதுதான் மேஜைச் சாவியைக் கொடுக்க விஜி வந்தாள்.

“சாரே, ஒரு உபகாரம். நான் எங்க தப்பா அமுக்கினேன்னு நோக்கிச் சொல்லுங்க. எனக்கு மனசிலாகவே இல்ல. அடுத்த எடத்துல அதைச் செய்யாம இருக்கலாமில்ல?”

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். செய்யாத தப்பைத் தன்னுடையது என்று நம்பிக்கொண்டு நிற்கிறாளே! அடித்த கட்டளையை ஒவ்வோர் எழுத்தாக அழித்தான். பட்டியலைப் பிரின்டருக்கு அனுப்பி, முதல் தாளைக் கிழித்து அவளிடம் நீட்டினான்.

“மேல இருக்கறதாக்கும் பாட்டு இறக்கினது. ஏத்தின தேதி பக்கத்துல இருக்கு.”

அவள் விரல் வைத்துப் படித்தாள்.

“இது சிவராத்திரியில்ல? அன்னிக்கு நான் மணப்புறத்துல இருந்தேனே. அப்ப என் சீட்டுல யாரு சாரே?”

“நானாக்கும் விஜி.”

அவள் அவனையே பார்த்தாள். பிறகு தாளை அவன் முன்னால் வைத்தாள்.

“நான் கொண்டுபோனா மொதலாளி நம்பமாட்டாரு. நீங்களே குடுங்க.”

சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டு தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

வெங்கிடேஷ் முதலாளியின் அறைக்குள் போனான். இஸ்மாயில் நிமிர்ந்தார்.

“வேண்டாததெல்லாம் களைஞ்சாச்சா?”

அவன் தாளை மேஜையில் விரித்து முதல் வரியில் விரலை வைத்தான்.

“இதைக் களையல. விஜி ஆலுவாயில இருந்த அன்னிக்கு இதை ஏத்தினது நானாக்கும்.”