தங்கமான நோயாளி

"உங்க வில்ஃப் இருக்காரே, தங்கம்! இந்த வார்டுல எல்லாரும் அவர மாதிரி இருந்துட்டா நான் சம்பளமே வாங்காம வேல பாப்பேன்" என்றாள் நர்ஸ் கெர்ரி. மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு, நிற்காமல் சொல்லிவிட்டுப் போனாள். செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டு மணி, பார்வையாளர்களை அப்போதுதான் உள்ளே விட்டிருந்தார்கள். டோரீனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வார்டின் கடைசியில் ஜன்னலோரக் கட்டிலில் படுத்திருந்த கணவரை நோக்கி, பரிசு வாங்கிய பிள்ளையைக் கூப்பிடப் போகிற தாயைப் போல நடந்தாள்.

எங்கள் பக்கத்தில் ஒருவரைத் தங்கம் என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. ஊசிக்கு அழாத குழந்தை தங்கம். யார் வந்தாலும் குரைக்காத நாய் தங்கம். வீரம், அறிவு, அழகு எதுவும் வேண்டாம், பிறருக்கு வேலை வைக்காமல் இருந்தால் போதும். வில்ஃப் முப்பத்து நான்கு வருடம் இதே ஊரில் பஸ் ஓட்டியவர். ஓய்வுபெற்ற அன்று டிப்போ மேலாளர் அவர் பெயரையே மாற்றிச் சொல்லித்தான் கைக்கடிகாரத்தைக் கொடுத்தார். அதையும் வில்ஃப் திருத்தவில்லை. அப்படிப்பட்டவரை எழுபத்தைந்து வயதில், கால் ஒடிந்து கிடக்கும்போது, ஒருத்தி வாய் நிறையப் பாராட்டுகிறாள். டோரீன் ஏன் பூரிக்கமாட்டாள்?

ஞாயிறன்று கூரையோரக் குழாயில் அடைத்திருந்த இலைகளை அள்ள ஏணியில் ஏறினார். ஏணி சரிந்தது. முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் போயின. திங்கள் மாலை மாவுக்கட்டு போட்டிருந்தார்கள்.

"உன்னைத் தங்கம்னு சொல்றா அந்தப் பொண்ணு" என்றாள் டோரீன், கோட்டைக் கழற்றியபடி.

"அப்படியா சொன்னா?" வில்ஃபின் முகம் சிவந்தது. "நான் என்ன பண்ணேன்? சும்மா கெடக்கேன்."

"அதான் பெரிய விஷயம். பக்கத்துல பாரு."

பக்கத்துக் கட்டிலில் டார்டாஃப். இடுப்பெலும்பு உடைந்த முன்னாள் கசாப்புக்காரர். தேநீர் ஆறிவிட்டது என்று மணி அடிப்பார். தலையணை குத்துகிறது என்று அடிப்பார். யாரும் வராவிட்டால் வராததற்காக அடிப்பார். இருபத்து நான்கு கட்டிலுக்கு இரண்டே நர்ஸ்கள் ஓடிக்கொண்டிருந்த வார்டில், பாதி ஓட்டம் அவருக்காகத்தான். கணவன் மனைவி இருவரும் கண்ணால் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். நாம் அப்படியில்லை என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் இருந்தது.

மூன்று மணி வாக்கில் வில்ஃப் பேச்சை நிறுத்தினார். உதட்டின் மேல் வியர்த்திருந்தது.

"என்ன, வலிக்குதா?"

"வலின்னு இல்ல. கட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கு. காலைலேர்ந்து இந்த விரலெல்லாம் என்னுது மாதிரியே இல்ல."

"கெர்ரிகிட்ட சொன்னியா?"

"காலைல கேட்டா. நல்லாருக்குன்னேன். பாவம், அவ இன்னும் சாப்பிடக்கூட இல்ல, டோரீன்."

டோரீன் போர்வையை விலக்கி, கட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த விரல்களைத் தொட்டாள். சில்லென்று இருந்தன. நிறமும் சரியில்லை, பழைய மெழுகுத்திரியின் வெளுப்பு. திரும்பி நர்ஸ்கள் மேசையைப் பார்த்தாள். கெர்ரி அப்போதுதான் உட்கார்ந்து ஒரு சாண்ட்விச்சைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து பத்தடி நடந்தால் போதும். அந்தப் பத்தடியைத்தான் அவளால் நடக்க முடியவில்லை. 'தங்கமான மனுஷனுக்கு இப்படி ஒரு பெண்டாட்டியா' என்று அந்தப் பெண் நினைத்துவிட்டால்? பையில் வீட்டிலிருந்து கொண்டுவந்த கம்பளிக் காலுறை இருந்தது. அதை மெல்ல விரித்து விரல்களின் மேல் மாட்டிவிட்டாள். குளிருக்கு இதமாக இருக்கும் என்று உண்மையாகவே நம்பினாள்.

"நாளைக்குக் காலைல டாக்டர் வருவார்ல, அப்ப சொல்லிக்கலாம்" என்றாள்.

"அதான். இதுக்குப் போயி ஊரைக் கூட்டணுமா?"

அந்த நேரம் பார்த்து டார்டாஃப் மணியை அழுத்தினார். விடாமல் அழுத்தினார். கெர்ரி சாண்ட்விச்சை வைத்துவிட்டு வந்தாள்.

"இப்ப என்ன வேணும் உங்களுக்கு?"

"எனக்கில்ல, இந்தாளுக்கு. ராத்திரி பூரா கம்பியப் புடிச்சுக்கிட்டு பல்லக் கடிச்சுட்டுக் கெடந்தான். கால்ல ஏதோ சரியில்ல. பாரு."

கெர்ரி வில்ஃப் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணுக்குக் கீழே கருவளையம். "என்ன வில்ஃப்? வலிக்குதா?"

"ஒண்ணுமில்ல கண்ணு. பாவம், அவர் கனவு ஏதாவது கண்டிருப்பார்."

கெர்ரி டோரீனைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு வாழ்நாள் முழுக்க டோரீன் திரும்பத் திரும்பப் போய் நிற்கப்போகிற நொடி அது.

"நல்லாத்தாம்மா இருக்கார்" என்றாள் டோரீன். "நீ போய்ச் சாப்பிடு."

"உங்கள மாதிரி யாரு இருக்கா!" என்று கெர்ரி அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள்.

"ரெண்டு பேரும் சுத்தப் பைத்தியம்" என்று டார்டாஃப் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை ஏழே முக்காலுக்குத் தொலைபேசி ஒலித்தது. டோரீன் போய்ச் சேர்வதற்குள் மாவுக்கட்டை வெட்டிப் பிரித்திருந்தார்கள். உள்ளே வீங்கி வீங்கி, ரத்தம் ஓட வழியில்லாமல், சதையெல்லாம் செத்துப்போயிருந்தது. விஷம் மேலே ஏறுகிறது, முழங்காலுக்கு மேலே வெட்டிக் காலை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார் டாக்டர். இளைஞர்தான். "நேத்து மதியம் தெரிஞ்சிருந்தாக் கூட…" என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். வில்ஃப் கையெழுத்துப் போட்டார். அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது, தள்ளுகிறவனிடம் "கனமா இருக்கேனாப்பா?" என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை டோரீனை ஒரு சின்ன அறைக்குக் கூப்பிட்டார்கள். மருத்துவமனை நிர்வாகத்திலிருந்து வந்த பெண்மணி, பெயர் ஹில்லரி, எதிரே உட்கார்ந்திருந்தாள். கோப்பு, பேனா, தண்ணீர் ஜாடி, முகம் துடைக்கும் காகிதங்கள். நடந்தது நடந்திருக்கவே கூடாது, மன்னிப்புக் கேட்கிறோம், விசாரணை நடக்கும் என்றாள். கெர்ரியை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருப்பதாகவும் சொன்னாள்.

"செவ்வாய்க்கிழமை நீங்க அங்க இருந்தீங்க. என்ன பாத்தீங்க, யார் என்ன சொன்னாங்க, எல்லாம் சொல்லுங்க. கோவமா இருந்தா அதையும் சொல்லுங்க. அவசரமே இல்ல. எவ்வளவு நேரம் ஆனாலும் நான் கேக்கறேன்."

எழுபத்திரண்டு வருடத்தில் டோரீனிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. சொல்ல வேண்டியது தொண்டை வரை வந்துவிட்டது. நான் தொட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. நான்தான் மூடினேன். அந்தப் பெண் வந்து கேட்டாள், நான்தான் போகச் சொன்னேன். இதைச் சொன்னால் கெர்ரியின் வேலை தப்பும். சொன்னால், மேலே மூன்றாம் மாடியில் போர்வை தட்டையாகக் கிடக்கும் இடத்தைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிற மனுஷனுக்கு, தன் காலை யார் விட்டுக்கொடுத்தது என்று தெரிந்துவிடும். அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்தும் வாயைத் திறக்கமாட்டார். அதுதான் அவளைக் கொன்றது.

அவள் வாயைத் திறந்தாள்.

"எல்லாரும் ரொம்ப நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்றாள்.

ஹில்லரி எழுதவில்லை. காத்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாளியை உருட்டிக்கொண்டு போனார்கள். பிறகு அவள் ஜாடியை எடுத்து, ஒரு கோப்பை நிறையத் தண்ணீர் ஊற்றி டோரீன் பக்கம் தள்ளிவைத்தாள்.

டோரீனுக்குத் தாகமில்லை. ஊற்றிவிட்டாளே என்று இரண்டு கையாலும் எடுத்து, சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள்.