இடப்பக்கத்துப் பதினொரு பலகைகள்

2024 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 8 ஆம் திகதி, சனிக்கிழமை, முற்பகல் பத்து மணிக்கு, ஹட்டனில் என் வீட்டு முன்னறையில், மாதிரிக் கப்பல் கட்டுவோரின் வாராந்தக் கூட்டம் தொடங்கியிருக்க வேண்டும். மேசையின் நடுவே கப்பல் இருந்தது. அதைச் சுற்றி நான்கு நாற்காலிகளும் நான்கு கோப்பைகளும் இருந்தன. பத்தேகாலுக்கு ராசிக் தொலைபேசியில் அழைத்தார்.

“டீச்சர், கோவிச்சுக்காதீங்க. கடைக்கு லொறி வந்து நிக்குது. சீமெந்து எறக்கணும்.”

“போன சனிக்கிழமையும் லொறிதான் வந்துச்சு.”

“ஹார்ட்வெயார் கடைக்கு லொறி வராம ஹெலிகொப்டரா வரும்?” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “உண்மையச் சொல்லவா டீச்சர்? கஜேந்திரன் இல்லாம அந்த மேசையில உக்கார முடியல. நீங்க அளவச் சொல்றீங்க, நான் தலைய ஆட்டுறேன். தலைய ஆட்டுறதுக்கு நான் எதுக்கு?”

மூன்று கோப்பைகளைக் கழுவாமலே அலுமாரியில் திருப்பி வைத்தேன். அவற்றில் எவரும் குடித்திருக்கவில்லை.

கூட்டம் தொடங்கியது 2017 இல். நான் பாடசாலையிலிருந்து ஓய்வுபெற்று ஐந்து ஆண்டுகள் கழிந்திருந்தன. ஹட்டன் கடைவீதியில் ராசிக் வைத்திருந்த கடைக்கு, நான் செய்துகொண்டிருந்த மாதிரிக் கப்பலுக்குப் பசை வாங்கப் போனபோது, அவரும் கண்ணாடிப் போத்தலுக்குள் சிறு கப்பல்கள் செய்பவர் என்று தெரிந்தது. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரம் பொருத்துநராக இருந்து ஓய்வுபெற்ற கஜேந்திரனை அவர்தான் அழைத்து வந்தார். வங்கியில் வேலை செய்த கிருஷாந்தி நான்காவதாகச் சேர்ந்தாள். முதலில் ஆளுக்கொரு சிறிய கலம் செய்தோம். பிறகு நால்வரும் சேர்ந்து ஒரே கப்பலைக் கட்ட முடிவு செய்தோம். நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிவந்த இரண்டு பாய்மரங்கள் கொண்ட கலம் ஒன்று. நாற்பத்தெட்டில் ஒரு பங்கு அளவு. நீளம் ஐம்பது சென்ரிமீற்றர். உள்ளே விலா எலும்புபோல் நிற்கும் சட்டங்களுக்குப் பிடுங்கியெறியப்பட்ட பழைய தேயிலைச் செடியின் மரம். வெளிப்பலகைகளுக்குப் பழைய தேயிலைப் பெட்டியிலிருந்து உரித்த மெல்லிய மரத்தகடு. கப்பலின் பெயர் எந்தப் பதிவிலும் கிடைக்காததால் பெயர் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டோம்.

விதிகளை நான்தான் எழுதினேன். அவற்றுள் நான்காவது, கப்பலில் மனித உருவங்கள் வைக்கப்படலாகாது என்பது. ஆள் நிற்கும் கப்பல் விளையாட்டுப் பொருளாகிவிடும். பார்ப்பவரின் கண் கட்டுமானத்தை விட்டுப் பொம்மைக்குப் போய்விடும். இதை இன்றைக்கும் நான் நம்புகிறேன்.

2023 ஏப்ரல் 22 ஆம் திகதி கஜேந்திரன் ஒரு பிஸ்கட் தகரப் பெட்டியுடன் வந்தார். அப்போது கப்பலின் வலப்பக்கம் மூடப்பட்டிருந்தது. இடப்பக்கம் இன்னும் திறந்து கிடந்தது. பெட்டிக்குள் தொண்ணூற்றிரண்டு ஆட்கள் இருப்பதாகச் சொன்னார்.

“மேல்தளத்துல தொண்ணூத்திரண்டு பேர் நிக்க இடமில்ல” என்றேன்.

“அதத்தான் டீச்சர் நானும் சொல்ல வாறேன். நிக்க எடமில்ல. இந்தப் பக்கத்த மூடாம விட்டோம்னா...”

“பொம்மைக் கப்பல் திருவிழாக் கடையிலயே விக்குது. அதுக்கு இத்தன வருசம் உக்காரத் தேவையில்ல.”

ராசிக்கும் கிருஷாந்தியும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கஜேந்திரன் பெட்டியைத் திறக்கவில்லை. தேநீரைக் குடித்து முடித்தார். கோப்பையைத் தட்டில் வைத்தார். பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். மறுவாரம் அவர் வரவில்லை. ஆகஸ்டில் கிருஷாந்திக்கு வவுனியாவுக்கு இடமாற்றம் வந்தது. இடப்பக்கத்தைத் தனியாகவே மூடினேன். பதினொரு பலகைகள், ஐந்து மாதங்கள். விரல் நுனியால் தடவினாலும் இணைப்புத் தட்டாது.

ராசிக்கின் தொலைபேசி அழைப்புக்கு அடுத்த சனிக்கிழமை நான் இறம்பொடைக்குப் புறப்பட்டேன். பதினொரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தும், நுவரெலியாவில் பஸ் மாறி, பதினொன்று பத்துக்குக் கஜேந்திரனின் வீட்டு வாசலை அடைந்தேன். மூடுபனி வீதிக்குக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

“லேட்டா டீச்சர்? நாங்க அஞ்சு நிமிசம் பிந்தினா கதவடியில நிக்க வச்சிருப்பீங்களே” என்றார் கஜேந்திரன். கையில் சிறு கத்தியும் ஒரு குச்சியும் இருந்தன.

அவருடைய மனைவி லெட்சுமி நாற்காலியைத் துடைத்துப் போட்டார். “உக்காருங்க டீச்சர். ஒரு வருசமா இவரு இந்தக் குச்சியோடதான் குடும்பம் நடத்துறாரு. நான் சோறாக்கிப் போடுற ஆளு மட்டுந்தான்.”

“பெட்டிய நான் பாக்கலாமா?” என்று கேட்டேன்.

தகரப் பெட்டி இரண்டாகியிருந்தது. முதலாவதைத் திறந்தார். உருவங்கள் தேயிலைக் குச்சியில் செதுக்கப்பட்டிருந்தன; எவருக்கும் முகம் இல்லை. ஒன்றைக்கூட நிற்க வைக்க முடியாது. எல்லாரும் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். பையிலிருந்த அளவுகோலை எடுத்து ஒன்றை அளந்தேன். பதினேழு மில்லிமீற்றர். எங்கள் கப்பலின் கீழ்த்தளத்து உயரம் இருபத்தேழு மில்லிமீற்றர். நேராக நிற்கும் ஆளுக்கு முப்பத்து மூன்று வேண்டும்.

அவர்கள் மேல்தளத்துக்காகச் செய்யப்பட்டவர்கள் அல்லர்.

“கீழ்த்தளத்துக்கா?”

“பின்ன? அவங்கள மேல நிக்க வச்சுக் காத்து வாங்க விட்டா கூட்டியாந்திருப்பாங்க? ஒரு பக்கம் தெறந்திருந்தா உள்ளுக்குப் பாக்கலாம்னு நெனச்சேன். கப்பல் வேலையும் தெரியும், ஆளும் தெரியும்.”

“யார் யாருன்னு வச்சுச் செஞ்சீங்களா?”

“யாரு என்னன்னு எனக்கு என்னா தெரியும் டீச்சர்? அதான் மூஞ்சி வைக்கல.”

லெட்சுமி தேநீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடித்தேன்.

“பெட்டியத் திறந்து பாத்திருக்கணும். பாக்காதது என் பிழை” என்றேன்.

“சரி, விடுங்க டீச்சர்.” அவர் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அந்தப் பக்கத்த மூடிட்டீங்கன்னு ராசிக் சொன்னாரு.”

“ஆமா.”

“நல்லாத்தான் மூடிருப்பீங்க.”

“இணைப்புத் தெரியாது.”

அவர் சிரித்தார். நானும் சிரித்திருப்பேன் என்று நினைக்கிறேன். அந்தத் துணிவில், பலகைகளைக் கழற்றிவிடுவதாகவும், அடுத்த சனிக்கிழமை முதல் அவர் வழமைபோல் வரலாம் என்றும், பெட்டிகளை இப்போதே நான் எடுத்துச் செல்வதாகவும் சொன்னேன்.

“பெட்டிய குடுக்க மாட்டேன் டீச்சர்.”

“ஏன்?”

“நீங்க வச்சா வரிசையா வைப்பீங்க.”

லெட்சுமி வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார்.

“அப்படின்னா நீங்களே வந்து வையுங்க.”

“இனி அந்த மேசைக்கு வரமாட்டேன். கோவமில்ல, சத்தியமா இல்ல. அங்க வந்தா கை வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ரூல் ஞாபகம் வருது. இங்க தனியா இருக்கறப்போ கை தானாப் போகுது.” கத்தியை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். “கப்பல அனுப்புனா செய்றேன். அனுப்பலன்னாலும் பரவால்ல. இவங்க இப்பிடியே பெட்டியில இருப்பாங்க. பழகிப் போச்சு.”

திரும்பும் பஸ்ஸில் எனக்கு யன்னலோர இருக்கை கிடைத்தது. கப்பலை வைத்துக்கொண்டால், மூடிய பக்கத்துடன் அது என் முன்னறையில் குறையற்றதாக இருக்கும். ராசிக் எப்போதாவது லொறி வராத சனிக்கிழமையில் வருவார். கொடுத்துவிட்டால் மேசையில் எதுவும் இராது. அதன்பின் ராசிக்கும் வரக் காரணம் இல்லை. நானுஓயாவைக் கடக்கும்வரை இதையே முன்னும் பின்னும் வைத்துப் பார்த்தேன்.

ஞாயிறு காலை கேத்தலில் நீரைக் கொதிக்க வைத்து, ஆவியை முதற் பலகையின் விளிம்பில் பிடித்தேன். பசை இளகியது. மெல்லிய கத்தியைச் செலுத்திப் பலகையைத் தூக்கினேன். அடுத்த பலகைக்கு அடுத்த நாள் வரை பொறுத்தேன்; அவசரப்பட்டால் சட்டம் நனைந்து வளைந்துவிடும். ஏழாவது பலகை நடுவில் முறிந்தது. பதினோராவதையும் எடுத்த பின்னர் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து உள்ளே பார்த்தேன். இத்தனை ஆண்டுகளில் அந்த இடத்தை அளந்திருக்கிறேன், அதற்குள் பார்த்ததில்லை. சட்டங்களுக்கிடையே ஒவ்வோரிடத்திலும் பென்சிலில் சிறு குறுக்குக் கோடுகள் இருந்தன. கஜேந்திரன் போட்டவை. எவர் எங்கே உட்கார வேண்டும் என்று பெட்டியைக் கொண்டுவருவதற்கு முன்னரே குறித்துவைத்திருக்கிறார். கோடுகள் வரிசையில் இல்லை.

ஜூன் 29 ஆம் திகதி, சனிக்கிழமை, ராசிக்கும் நானும் கூடித் தீர்மானித்தவை இவை. கப்பல் கஜேந்திரனிடம் ஒப்படைக்கப்படும். இடப்பக்கம் மீண்டும் மூடப்படாது. நான்காவது விதி நீக்கப்படும். உருவங்களை எப்படி வைப்பது என்பதில் எவரும் கருத்துக் கூறுவதில்லை. சனிக்கிழமைக் கூட்டம் அன்றுடன் நிறுத்தப்படும். ராசிக் பழைய போர்வையில் கப்பலைச் சுற்றித் தம் லொறியின் முன்னிருக்கையில் வைத்து, முற்பகல் பதினொன்றரைக்கு இறம்பொடைக்குப் புறப்பட்டார். பதினொரு பலகைகளும் என்னிடம் இருக்கின்றன. நான் அங்கே எப்போது போகலாம் என்று எவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.